விழுபவனின் குரல்



‘நகைச்சுவையும் கவிதையும்’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. தொல்காப்பியத்தில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு கார்ட்டூன் படத்தில் தொடங்குகிறேன், தொல்காப்பியர் பொறுத்தருள்வார்.

1941ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் ஸ்கீயிங்’ சில நிமிடமே ஓடும் திரையரங்கக் குறும்படம். இயக்கியவர் ஜாக் கின்னி. கூஃபி என்னும் நாய் பனிச்சறுக்குப் பழகுகிறது. சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்ட பிறகு காற்சட்டையை அணிய முயல்கிறது என்றால், மலையில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

படம் முழுவதும் பின்னணியில் ஒரு குரல் ஒலிக்கிறது. ஜான் மெக்லீஷ் என்பாருடைய, ஏற்ற இறக்கம் மிக்க, கற்றறிந்த குரல். எங்கள் விரிவுரையாளர் குலத்துக்கே உரிய குரல் என்றும் சொல்லலாம்! உடலை எப்படி வளைப்பது, எப்படித் திரும்புவது என்று அது அமைதியாக விளக்கிக்கொண்டே போகிறது. கூஃபியின் கைகால்களோ முடிச்சு விழுந்து கிடக்கின்றன. கூஃபிக்கு வழக்கமாகக் குரல் கொடுத்த பிண்டோ கோல்விக் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டிஸ்னியை விட்டு விலகியிருந்தார். பேசாத கூஃபி, ஓயாத விளக்கவுரை என்னும் அமைப்புக்கு அந்தக் குறையே வழிவகுத்தது. 1942இல் பேஸ்பால், நீச்சல், 1944இல் கோல்ஃப், அமெரிக்கக் கால்பந்து என அது தொடர்ந்தது.

மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நான்கு களன்களுள் மடன் ஒன்று. அகத்திணை உரைகளில் அச்சொல்லுக்கு, கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று பொருள் காண்பர். அது வேறு இடம் என்பதை அறிவேன். ஆயினும் கூஃபிக்கு இதனினும் பொருந்திய சொல் எனக்குக் கிட்டவில்லை.

விழும்போது கூஃபி நெடிய கூச்சலொன்றை எழுப்பும். அக்கூச்சல் ஹான்னஸ் ஷ்ரோல் என்னும் ஆஸ்திரியருடையது. அவர் பனிச்சறுக்கில் வாகை சூடியவர். கலிஃபோர்னியாவின் சுகர் பௌல் என்னும் பனிச்சறுக்குத் தலத்தை 1939இல் நிறுவியவர். சரிவை உண்மையில் அறிந்த மனிதரின் குரல் விளக்கவுரைக்குப் போகவில்லை. விழுகின்ற கூச்சலுக்கே போயிற்று.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மாணவியரோடு போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். குறிஞ்சித் திணையின் முதற்பொருளை விளக்கிக்கொண்டே இறங்கியவள், ‘யாமம்’ என்ற இடத்தில் வழுக்கி, பத்தடி தூரம் சென்று ஒரு செடியின் தூரில் நின்றேன். அங்கே குனிந்து, தரையோடு கிடந்த சரத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண் சொன்னார்: “டீச்சர், நேரா மிதிக்காதீங்க. பாதத்தைக் குறுக்க வச்சு எறங்குங்க.” பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். முந்தின நாள் விழுந்தவர் கதை, அதற்கு முந்தின வாரம் கூடையோடு உருண்டவர் கதை என்று அந்தச் சிரிப்பு மாலைவரை நீண்டது. கூஃபி அடுத்த காட்சியில் எழுந்துவிடும். இவர்களுக்கு விழுந்தால் அன்றைய கூலி போகும்; இடுப்பு போனால் காய்ப்பருவமே போகும். அதை அறிந்தேதான் சிரிக்கிறார்கள்.

இம்மலருக்காக நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளைப் படித்தேன். மலையைப் பாடாதவர் எவருமில்லை. மூடுபனி உண்டு, ஏல மணம் உண்டு, அருவி உண்டு. அனைத்தும் கீழே நின்று விளக்கும் குரலில் உள்ளன. விடியுமுன் ஜீப்பில் மலையேறும் பெண்கள் நம் தெருக்களில்தாம் வாழ்கிறார்கள். அவர்கள் வழுக்கிய ஓர் அடிகூட நம் அடிகளுக்குள் வரவில்லை. என்னுடைய நான்கு கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன். அவற்றுள் ஒன்றை மலர்க்குழுவிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

வரும் சனிக்கிழமை மீண்டும் அத்தோட்டத்துக்குச் செல்கிறேன். உடன்வர விரும்புவோர் வழுக்காத செருப்போடு வருக.