தன்னைக் கேட்கும் கேள்வி
(நூம்பலில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும்போது கணக்குப் பார்ப்பது இயல்பு. எத்தனை கூட்டங்கள், எத்தனை கவியரங்குகள், எத்தனை நூல் வெளியீடுகள் என்பது எளிய கணக்கு. இந்தப் பத்தாண்டுகளில் ஒரு கவிஞர் எதைக் கற்றார், எதைக் கற்காமலே விட்டார் என்பது கடினமான கணக்கு. அதை அவரவரே தம்மைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

நூம்பலுக்கு அண்மையில் உள்ள பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர் அவர். தம் உள்ளத்து ஐயங்களுக்கு விடை காண இராமாநுசர் அவரை நாடினார் என்றும், நம்பிகள் ஆறு விடைகளைப் பெற்றுவந்து தந்தார் என்றும் வைணவ மரபு கூறும். வேதாந்தம் பயின்ற ஓர் அந்தணர், அந்தணரல்லாத ஒரு தொண்டரிடம் சென்று நின்றார். தமக்குத் தெளிவில்லை என்பதை முதலில் தமக்குத் தாமே ஒப்புக்கொள்ளாத ஒருவர் அவ்வாறு சென்றிருக்க முடியாது.

இதே பண்பு தமிழ் இலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றியது, கும்பகோணத்தில். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவ்வாண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் நீண்டதொரு பட்டியலையே கூறினார். முதலியார் வியக்கவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்ற பொருள்படக் கேட்டார். பின்பு சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்றார். ஐயர் அந்நூல்களைக் கண்டதே இல்லை.

அந்த நேரத்தில் அந்த இளைஞருக்கு வேறு வழிகளும் இருந்தன. நீதி வழங்கும் அதிகாரிக்குத் தமிழ் பற்றி என்ன தெரியும் என்று எண்ணியிருக்கலாம். ஆசிரியர் கற்பித்ததே போதும் என்று இருந்திருக்கலாம். தாம் ஒன்றும் கல்லாதவர் என்று சோர்ந்து கல்வியையே வெறுத்திருக்கலாம். முதல் இரண்டும் செருக்கின் வழிகள். மூன்றாவது, பணிவின் வேடம் புனைந்த செருக்கு. ஐயர் இவற்றுள் எதையும் மேற்கொள்ளவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிவந்து படிக்கத் தொடங்கினார்.

படித்தால் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமண சமயச் செய்திகள் தடுத்து நிறுத்தின. சைவச் சூழலில் வளர்ந்த, திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்ற அவர், அதே ஊரில் வாழ்ந்த சமணர் இல்லத்தைத் தேடிச் சென்றார். சிந்தாமணியைப் பாராயணம் செய்து நிறைவேற்றியதை அவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த நாள் அது. கற்றோர் உலகம் மறந்துவிட்ட ஒரு காப்பியம், சில தெருக்களுக்கு அப்பால் ஒரு வீட்டில் வழிபடு நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்களிடம் கேட்டுக் கேட்டு ஐயர் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி பதிப்பு வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘எனக்கு என்ன தெரியும்?’ என்று பொதுவாகக் கேட்டுக்கொள்வது எவரையும் மாற்றுவதில்லை. அது பணிவுரையாக மேடையில் நின்றுவிடும். ‘இந்த நூல் எனக்குத் தெரியாது, இந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை’ என்று குறை பெயர் பெறும்போதுதான் கால்கள் நகர்கின்றன. பெயர் பெற்ற குறைக்கே சென்று தட்ட ஒரு கதவு உண்டு. வள்ளுவர் குற்றங்கடிதலை 44ஆம் அதிகாரமாக வைத்து, அதனையடுத்துப் பெரியாரைத் துணைக்கோடலை வைத்த முறையும் இங்கு எண்ணத்தக்கது. தன் குற்றம் கண்டவனே துணை தேடுவான்.

இன்னொன்றும் உண்டு. இந்நிகழ்ச்சி உலகுக்குத் தெரிந்தது எவ்வாறு? ஐயரே கூறியதனால்தான். 1940 முதல் 1942இல் மறையும்வரை ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திர’த்தில், தமக்குச் சிந்தாமணி தெரியாதிருந்ததை அவர் மறைக்காமல் எழுதினார். தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய பருவம் அது. 60 ஆண்டுகளுக்கு முன் ஓர் அறையில் நடந்த உரையாடலை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்பார் எவருமில்லை. உள்ளத்தில் நேர்மையாக எழுந்த கேள்வி, முதுமையிலும் புகழிலும் மங்கவில்லை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. அச்சேறிய நூலையும் முடிந்த நூலாக அவர் கருதியதில்லை.

கவிஞர் பெருமக்களே, கவியரங்கில் கைதட்டல் எழுகிறது. அது அன்பின் ஒலி, வேண்டியதே. ஆனால் இல்லம் திரும்பிய பின் கவிஞர் தம்மைக் கேட்க வேண்டியவை சில உண்டு. குரலும் அடுக்குமொழியும் நீங்கிய பின், தாளில் இந்தக் கவிதை நிற்கிறதா? இதில் உள்ள உவமை கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா? சென்ற ஆண்டு எழுதியதையே இவ்வாண்டும் எழுதுகிறேனா? யாப்பை விட்டது அறிந்து விட்டதா, அறியாமல் விட்டதா? பிறர் கவிதையை, அவர் மேடையில் இல்லாதபோதும், எத்தனை முறை படித்தேன்? தவறு காட்டிய நண்பரை அடுத்த கூட்டத்தில் எவ்வாறு நோக்கினேன்?

வினவியவரைப் பகைவராக்காமல் வினாவைத் தமதாக்கிக்கொண்டதே ஐயரின் உயர்வு. இலக்கிய வட்டங்களுக்கும் இதுவே பாடம். பாராட்ட அறிந்த வட்டம் உறுப்பினரை மகிழ்விக்கும். அன்போடு வினவவும் அறிந்த வட்டமே அவர்களை வளர்க்கும். ஒருவர் மற்றவர்க்கு ஒரு முன்சீபாகவும், மற்றொரு நாள் கதவு திறக்கும் சமண இல்லமாகவும் அமையும் கூட்டமாகப் பதினோராம் ஆண்டு மலர்வதாக.