கப்பலேறி வந்த ஆராதனைகள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள் என்கிறது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. இவர்கள் கும்பிடும் முறை ஒன்றல்ல. சபைக்குச் சபை மாறும். பதின்பருவத்தினருக்கான வாலிபர் முகாமில் பல ஆராதனை மரபுகளைக் கற்றுத்தர இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இங்கே ஒவ்வொரு மரபும் ஒரு கூட்டம் மக்களோடு கப்பலேறி வந்தது. ஒரு வழிபாட்டைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை, பக்கத்து வீட்டாரின் பயணத்தையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறது.

முற்காலத்தில் வந்தவர்களில் மொரேவிய சகோதரர்களும் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து டேனியர் ஆதரவோடு 1768இல் நான்கவுரித் தீவில் இறங்கினார்கள். காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. 1787இல் பணியை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சபை எதுவும் இல்லை.

வேரூன்றிய கதை கார் நிக்கோபாரில் தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு தமிழர் என்பது தமிழ் நேயர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி. ஆங்கிலிக்கன் உபதேசியாரான வேதப்பன் சாலமோன் 1890களின் நடுவில் மூஸ் கிராமத்தில் குடியேறிச் சிறுவர்களுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிறுவர்களில் ஒருவன் ஹா-செவ்-கா. பர்மாவின் மண்டலை நகரில் படித்துத் திரும்பியபோது அவன் பெயர் ஜான் ரிச்சர்ட்சன். அவர் தம் மக்களின் பேச்சை ரோமன் எழுத்தில் எழுதினார். பைபிளை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். கால்பந்தையும் தீவுக்குக் கொண்டுவந்தார். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆதிக்கத்தில் நிக்கோபாரியர் பலர் உளவாளிகள் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். அந்தத் துயரம் ரிச்சர்ட்சனின் சொந்த வீட்டையும் விடவில்லை. போர் முடிந்த பிறகுதான் கார் நிக்கோபார் மக்கள் ஊர் ஊராகச் சபையில் சேர்ந்தார்கள். 1950இல் பேராயராக அபிஷேகம் பெற்ற ரிச்சர்ட்சன் 1952இல் முதல் மக்களவையில் நியமன உறுப்பினராகவும் அமர்ந்தார்.

முகாமுக்கு வரும் நிக்கோபாரிப் பிள்ளைக்கு ஜெபப் புத்தகம் பாட்டி காலத்துச் சொத்து. ஆயர் ஒரு வரி சொல்லச் சபை மறு வரி சொல்கிறது. பாடற்குழு பல குரலில் இசைந்து பாடுகிறது. எழுதி வைத்த ஜெபத்தில் உயிர் இருக்குமா என்று பிற சபைப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அதே வரிகளை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஊரும் கோயிலும் கடலோடு போன நிலையில், மனப்பாடமாகச் சொல்ல முடிந்தவர்களை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். சொந்தச் சொல் வராத நாளில் தாங்குவது பழகிய சொல்தான்.

மாயாபந்தர் அருகே வெபியில் முறை வேறு. 1925இல் பர்மாவிலிருந்து காடு திருத்த வந்த கரேன் மக்கள் பாப்டிஸ்ட் சபையினர். அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. நம்பிக்கையைத் தன் வாயால் அறிக்கை செய்தவருக்கே முழுக்கு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது ஏட்டில் இருக்கும் செய்தி அல்ல, தானே முடிவெடுக்க வேண்டிய காரியம்.

1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டு ராஞ்சிக்காரர்கள் என்று அழைக்கப்படுவோரில் கத்தோலிக்கர் பலர். லூத்தரன் சபையினரும் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலியின் நடுவிடம் நற்கருணை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு ஏடு தாய்மொழிக்கும் மண்ணின் இசைக்கும் வழிவிட்டது. போர்ட் பிளேயர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம், 1984இல் தனி மறைமாவட்டமானது. பெந்தெகொஸ்தே சபைகளில் கைத்தட்டல், சாட்சி, அந்நிய பாஷை எல்லாம் உண்டு. உடம்பு முழுவதும் ஜெபிக்கும் ஆராதனை அது.

முகாம் நடத்துவோர் முன்கூட்டியே விளக்க வேண்டியது ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருப்பலியிலும் ஆர்த்தடாக்ஸ் சபையின் குர்பானா என்னும் நற்கருணை வழிபாட்டிலும் பிற சபையார் கலந்துகொள்ளலாம். ஆனால் அப்பத்தில் அவர்களுக்குப் பங்கு பொதுவாக இல்லை. வரிசையில் நின்ற பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை மனம் நொந்துபோகும். காரணத்தை அன்போடு முதல் நாளே சொல்லிவிட்டால், பிரிவினையின் வலி அதற்கும் புரியும்.

பல மரபினர் சேர்ந்து ஜெபிக்கப் பிரான்சின் தேசே கிராமம் ஒரு வழி காட்டியது. 1940இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய அந்த மடத்தில் சிறு பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாடி, பிறகு நீண்ட அமைதியில் அமர்கிறார்கள். 1985 இறுதியில் சென்னையிலும் இவர்களின் இளைஞர் கூட்டம் நடந்தது. அமைதியில் உட்காரத்தான் பதின்பருவத்தினர் முதலில் திணறுகிறார்கள். பலர் பின்னர் விரும்பிக் கேட்பதும் அதையே.

பல மொழியார் கூடும் ஜெபத்தில் இயேசு கற்பித்த ஜெபத்தை அவரவர் மொழியில் சேர்ந்து சொல்வது வழக்கம். நிக்கோபாரி, கரேன், சாதரி, தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒன்றாக எழும்பும். ஒவ்வொரு மொழிக்கும் நீளம் வேறு. முன்னே முடித்தவர்கள் கடைசிக் குரல் ஆமென் சொல்லும்வரை கண்மூடிக் காத்து நிற்கிறார்கள்.