சம்பளச் சீட்டுதான் நமது முதல் மூலதனம்

(தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2006-ஆம் ஆண்டு 9-ஆவது மலேசியத் திட்டம் வந்தபோது 'மோடல் இன்சான்' என்ற சொல்லை ஓயாமல் கேட்டோம். தமிழில் மனித மூலதனம் என்றார்கள். யார் அந்த மூலதனம்? விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போகும் நீங்கள்தான். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாதான். இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்கும் அண்ணன்தான்.

மூலதனம் என்றால் அதைப் பாதுகாக்க வேண்டும், வளர்க்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகள் சட்டத்தில் இருக்கின்றன. நம்மில் பலர் கைக்குத்தான் அவை வந்து சேரவில்லை. ஏன் என்பதைப் பேசவே வந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தோட்டத்தை விற்றதும் பட்டணத்துக்கு வந்தவர்கள். கணவர் லோரி கெலிண்டான். சம்பளம் கையில் காசாக வரும். "இபிஎப், சொக்சோ எதுவும் வேண்டாம், மாதம் 100 ரிங்கிட் கூடத் தருகிறேன்" என்றார் முதலாளி. இவரும் தலையாட்டிவிட்டார். பால் மாவு வாங்கக் காசில்லாதவருக்கு அந்த நூறு ரிங்கிட் பெரிதாகத் தெரிந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் விபத்து. ஆள் போய்விட்டார். மனைவி நிறுவனத்துக்கு ஓடினார். "அவர் எங்கள் ஆளே இல்லை" என்று கையை விரித்தார்கள். சம்பளச் சீட்டு இல்லை, வேலைக் கடிதம் இல்லை. எங்கே போய் முறையிடுவது என்று சொல்லித் தரவும் ஆள் இல்லை. அந்தத் தங்கை ஆலோங்கிடம் கடன் வாங்கி நாசி லெமாக் கடை போட்டார். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. வட்டிதான் கடையைத் தின்றது. மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவனுக்கும் இன்று கையில் காசுதான், சீட்டு இல்லை.

இந்தக் குடும்பத்தில் யாரும் சோம்பேறி இல்லை. உழைப்பு இருந்தது, கைப்பக்குவம் இருந்தது. இரண்டு விஷயம்தான் இல்லை. ஒன்று, தொழிலாளிக்கு உரிய சலுகைகள். மற்றொன்று, தொழில் நடத்தும் கல்வி.

அந்த 100 ரிங்கிட்டின் உண்மையான விலை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆக்கப்பட்டது. 5,000 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் வாங்கும் மலேசியத் தொழிலாளிக்கு முதலாளி 13 விழுக்காடும் தொழிலாளி 11 விழுக்காடும் ஊழியர் சேமநிதிக்குக் கட்ட வேண்டும். 1,700-க்கு முதலாளியின் பங்கு மாதம் 221 ரிங்கிட். பத்து ஆண்டில் 26,520 ரிங்கிட். இது முதலாளி பங்கு மட்டும்தான். உங்கள் பங்கும் ஆண்டுதோறும் கிடைக்கும் லாப ஈவும் தனி. 100 ரிங்கிட்டைக் கூடக் கொடுத்து 221 ரிங்கிட்டை மிச்சம் பிடிப்பவர் நமக்கு உதவி செய்கிறாரா? நீங்களே சொல்லுங்கள்.

இது முதலாளி போடும் பிச்சை அல்ல. நமது சம்பளத்தின் இன்னொரு பகுதி. உங்கள் சம்பளத்தில் இபிஎப் பிடித்துக்கொண்டு அதைக் கட்டாமல் விட்டால் அந்த முதலாளிக்கு 6 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே சீட்டில் பிடித்தம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதா மாதம் கைப்பேசியில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்து சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இது. வேலையிடத்து விபத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழக்கமான வழியில் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். அப்படி உயிர் போனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அந்த நாசி லெமாக் கடைத் தங்கைக்கு முறைப்படி வந்திருக்க வேண்டியது இதுதான். முதலாளி சந்தா கட்டவில்லை என்று தெரிந்தாலும் சொக்சோ அலுவலகத்தில் விபத்தைப் பதிவு செய்யத் தயங்காதீர்கள். பதிவு செய்யாத விபத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வேலை போனால்? 2018 ஜனவரி முதல் தொழில் காப்புறுதித் திட்டம் நடப்பில் இருக்கிறது. வேலை இழந்த 60 நாட்களுக்குள் மனுச் செய்தால், வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். 60 நாள் கடந்துவிட்டால் உங்கள் பணம் உங்களுக்கே இல்லை.

வீட்டிலிருக்கும் அம்மாக்களுக்கும் சொல்கிறேன். 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். மாதம் பத்து ரிங்கிட்.

குத்தகைத் தொழிலாளர்களின் வேதனை தனி. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் குத்தகை நிறுவனம் மாறும்போதெல்லாம் புதிய ஆளாகச் சேர்க்கிறார்கள். அதே பள்ளிக்கூடம், அதே துடைப்பம், அதே அம்மா. சேவைக்காலம் மட்டும் மறுபடியும் பூஜ்யம். இதைத் தனி ஆளாக எதிர்க்க முடியாது. சங்கமாகச் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

கைத்தொழிலுக்குச் சான்றிதழ்

மூலதனத்தை வளர்ப்பது பற்றிச் சொன்னேன். பத்துப் பேரும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்ட வேண்டும். உங்கள் பயிற்சிக்கான பணம் அது. உங்கள் சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தில் யாரைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்? நம் ஆள் ஒருவராவது போயிருக்கிறாரா? மேலாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

பதினைந்து வருடமாக வெல்டிங் செய்யும் அண்ணனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. நேற்றுச் சேர்ந்த பையனுக்குச் சான்றிதழ் இருப்பதால் கூடுதல் சம்பளம். அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கும் முறை திறன் மேம்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. மறுபடியும் மேசையில் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் காட்ட வேண்டும். அந்த ஆதாரத்திலும் முதலில் நிற்பது சம்பளச் சீட்டும் வேலைக் கடிதமும்தான்.

கடை போடும் முன்

சொந்தத் தொழில் செய்யுங்கள் என்று மேடையில் எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று சொல்வதில்லை. நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பதிவு. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் என்றால் 60. நகராண்மைக் கழக உரிமமும் தேவை.

இரண்டு, கணக்கு. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தினமும் வரவு, செலவு. கடைக் காசில் வீட்டு மீன் வாங்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு சம்பளம் எழுதி அதை மட்டும் எடுங்கள். பிள்ளைகளை அந்த நோட்டில் எழுத வையுங்கள். அவர்களுக்கு நாம் தரும் முதல் வியாபாரப் பாடம் அது.

மூன்று, கடன். தெக்குன் நிறுவனத்தில் இந்தியர்களுக்கென ஸ்புமி திட்டம் இருக்கிறது. 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார், 2024-இல் இந்தியப் பெண்களுக்கென தனிக் கடனுதவித் திட்டத்தை அறிவித்தது. பதிவும் கணக்கும் இல்லாமல் போனால் அந்தக் கதவுகள் திறக்காது. அப்போதுதான் ஆலோங்கின் கதவு நம் கண்ணுக்குத் தெரியும்.

நான்கு, முதலாளி ஆன பிறகும் உங்கள் சேமநிதியை நிறுத்தாதீர்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் இபிஎப்பில் தாங்களாகவே கட்டலாம். சொக்சோவிலும் சேரலாம். கடையில் இரண்டு பேரை வேலைக்கு வைத்தால் அவர்களுக்கும் சீட்டுக் கொடுங்கள். நமக்கு ஒருவர் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நம்மைவிடக் குறைந்த படிப்பு, நம்மைவிடக் குறைந்த கூலி. அவர்களால் முடிந்தது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கோப்பு எடுங்கள். குடும்பத்தில் வேலைக்குப் போகும் எல்லாருடைய சம்பளச் சீட்டையும் வேலைக் கடிதத்தையும் அதில் வையுங்கள். சீட்டு வராதவர் யார் என்று அப்போது தெரிந்துவிடும். அவரைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.