கடலோர வீட்டில் கண்ணாடிக் கூரை



சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் வாழும் என் நண்பர் ஒருவர், தம் வீட்டின் பின்புறத்தில் புதிய கூடம் ஒன்றைக் கட்டினார். கடலை நோக்கிப் பெரிய கண்ணாடிக் கதவுகள். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. அலையும் நிலவும் கூடத்திற்கே வந்துவிட்டன என்று அனைவரும் பாராட்டினோம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வார்தா புயல் வந்தது. கூரைக் கண்ணாடி ஒன்று உடைந்து, அவருடைய பேரன் நாள்தோறும் அமர்ந்து படிக்கும் பாயின்மீது விழுந்தது. நல்லவேளையாகப் பிள்ளை அப்போது அடுத்த அறையில் இருந்தான். அழகை எண்ணிய நாங்கள், 'உடைந்தால் எங்கே விழும்?' என்று எண்ணத் தவறிவிட்டோம்.

கடலோரக் கண்ணாடிக்குப் பகைவர் மூவர்: காற்று, வெயில், உப்பு.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். சென்னைப் பகுதிக்கு இந்தியக் கட்டடத் தரநிலை கொள்ளும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டர்மீது ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் விழும். 6 சதுர மீட்டர்க் கதவு 900 கிலோவைத் தாங்க வேண்டும் அன்றோ?

அடுத்தது வெயில். 3 மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடியோ ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. இடைவெளியின்றி இறுக்கிவிட்டால், குளிர்ந்து சுருங்கும் சட்டம் கண்ணாடியை நெரிக்கும். ஆகவே இடைவெளி விட்டு, ரப்பர் வைத்துப் பொருத்துதல் வேண்டும்.

மூன்றாவது உப்பு. இரும்புத் திருகாணி துருவேறிப் பருக்கும். பற்றிய இடத்தைப் பிளக்கும். அலுமினியமும் இரும்பும் தொட்டிருக்க, உப்பீரம் சேருமாயின், நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ட மின்கலமே அங்கு உருவாகிறது, அலுமினியம் அரிக்கப்படும். மாலிப்டினம் கலந்த துருப்பிடிக்கா எஃகுத் திருகாணியும், இடையே பிளாஸ்டிக் வளையமும் இதற்கு மருந்து. அவ்வப்போது நன்னீரால் கழுவுவதும் நன்று.

இனி, கண்ணாடியின் வகை. சாதாரணக் கண்ணாடி கத்திபோல் உடையும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி விரைந்து குளிர்வித்த கண்ணாடி வலிமை மிக்கது; உடைந்தாலும் சிறு துணுக்குகளாகச் சிதறும். அது கதவுக்கு ஏற்றது. பதப்படுத்திய பின் அதனை அறுக்க இயலாது. ஆதலின் அளவெடுப்பில் பிழை கூடாது. ஆனால் கூரைக்கு அது மட்டும் போதாது. துணுக்குகளும் தலைமீது மழையெனக் கொட்டுமே!

1903இல் பிரெஞ்சு நாட்டவரான எதுவார் பெனடிக்டஸ் என்பாரின் கையிலிருந்து ஒரு குடுவை தவறி விழுந்தது. உடைந்தும் அது சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பற்றியிருந்தது. இரு கண்ணாடிகளுக்கிடையே மென்படலம் வைத்து ஒட்டும் அடுக்குக் கண்ணாடி, இவ்வுண்மையிலிருந்து பிறந்தது. கூரைக்கு உரியது அதுவே.

நண்பர் அவ்வாறே கூரையை மாற்றினார். மழைநீர் வழிந்தோடச் சரிவும் அமைத்தார். பேரன் இன்றும் அங்கேயே படிக்கிறான். எதைச் செய்யினும், அது கெடும் வேளையில் யாருக்கு ஊறு நேரும் என்று முன்கூட்டியே வினவுவதே உண்மைக் கல்வி.