கூட்டம் குறைந்தால் நல்லதுதானே? – யப்பானின் சனத்தொகை ஏறி இறங்கிய கதை



சென்ற மாத உரை ஒலிபரப்பாகி முடிந்ததும் ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். இங்கே மெல்பேணில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் நீண்ட காலமாக வேலை செய்கிறவர். எனக்கு மூத்தவர் என்பதால் அக்கா என்றே சொல்கிறேன். யப்பானில் 2024ஆம் ஆண்டில் பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் 9 இலட்சத்துக்கும் மேல் அதிகம் என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: "தம்பி, அதுக்கு ஏன் இவ்வளவு கவலைப்படுகினம்? ரெயிலுக்குள்ளே ஆக்களைத் தள்ளி அடைக்கிற நாடெல்லோ அது. சனம் குறைஞ்சால் காத்தோட்டமாய் இருக்கலாம்தானே?"

நியாயமான கேள்வி. இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல், அடுத்த மாதம் வானொலியிலேயே சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். இன்றைய உரை அந்தக் கடனைத் தீர்ப்பதற்குத்தான்.

யப்பானில் சனத்தொகை எண்ணுவது புதிய பழக்கம் அல்ல. 1721இல் எட்டாவது ஷோகனான யோஷிமுனே நாடு முழுவதும் ஆட்களை எண்ணச் சொல்லி உத்தரவிட்டார். பின்னர் ஆறு ஆண்டுக்கு ஒரு முறை என்று 1846 வரை அந்தக் கணக்கு நடந்தது. போர்வீரர் குடும்பங்களை அதில் சேர்க்கவில்லை. அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 3 கோடிப் பேர் என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த நூற்றிச் சொச்ச ஆண்டுகளிலும் அந்த எண் பெரிதாக அசையவில்லை என்பதுதான் வியப்பு. பஞ்சத்தில் கொஞ்சம் இறங்கும், விளைந்தால் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் கதை மாறியது. 1872இல் 3 கோடியே 48 இலட்சமாக இருந்த சனத்தொகை, 1920 ஒக்டோபர் முதலாந் திகதி எடுக்கப்பட்ட முதலாவது நவீன குடிசன மதிப்பீட்டில் 5 கோடியே 59 இலட்சமாகியிருந்தது. அக்காலத்து யப்பானுக்கு இருந்த கவலை சனம் கூடிப்போகிறதே என்பதுதான். நிலம் சிறிது, வாய்கள் அதிகம். எனவே ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1908இல் கோபே துறைமுகத்திலிருந்து கசாட்டோ மாரு என்ற கப்பல் 781 பேரை ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் புறப்பட்டது, கோப்பித் தோட்டங்களில் கூலிவேலைக்கு. எங்கள் காதுக்குப் பழக்கமான கதைதான். இந்தக் கப்பலை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இதனிடம் திரும்பி வருவேன்.

1945இல் போரில் தோற்றபோது நாட்டில் 7 கோடியே 20 இலட்சம் பேர். அதன் பிறகு வெளிநாடுகளில் இருந்த படையினரும் குடியேறியவர்களுமாக 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். வீடு திரும்பியவர்கள் கலியாணம் செய்தார்கள், பிள்ளைகள் பிறந்தன. 1947, 48, 49 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 27 இலட்சம் அளவில் குழந்தைகள். 1949ஆம் ஆண்டின் கணக்கு 26 இலட்சத்து 96 ஆயிரம். யப்பானின் வரலாற்றில் அதுவே மிக உச்சமான எண்களில் ஒன்று.

சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டில் அரசு பயந்துபோனது. 1948இல் ஒரு சட்டம் கொண்டுவந்து கருக்கலைப்புக்கு வழி திறந்தார்கள். அடுத்த ஆண்டு பொருளாதாரக் கஷ்டத்தையும் ஒரு காரணமாக அதில் சேர்த்துக்கொண்டார்கள். அதே சட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகள் பல்லாயிரம் பேருக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த கொடுமையும் நடந்தது. சட்டத்தின் அந்தப் பகுதி 1996 வரை இருந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று யப்பானின் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024இல்தான்.

ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய பிள்ளைகளின் சராசரியைக் கருவள வீதம் என்கிறோம். அது 1947இல் நாலரை. பத்தே ஆண்டில் இரண்டுக்கு வந்துவிட்டது. இவ்வளவு வேகமான இறக்கத்தை அதுவரை உலகம் கண்டதில்லை.

இடையில் ஒரு சுவையான விடயம். 1966இல் மட்டும் பிறப்புகள் கால்வாசி விழுந்தன. முந்தைய ஆண்டில் 18 இலட்சம், அந்த ஆண்டில் 13 இலட்சத்து 60 ஆயிரம், அடுத்த ஆண்டில் மறுபடி 19 இலட்சத்துக்கு மேல். யுத்தமும் இல்லை, நோயும் இல்லை. எங்கள் அறுபது வருடச் சுற்றைப்போல அவர்களுக்கும் ஒரு சுற்று உண்டு. அதில் 1966 நெருப்புக் குதிரை வருடம். அந்த வருடத்தில் பிறக்கும் பெண் புருசனுக்கு ஆகாதவள் என்று ஒரு நம்பிக்கை. செவ்வாய் தோசம் பார்க்கிற நாங்கள் சிரிக்க முடியாது. அதிவேக ரெயில் ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டு ஆன நாட்டில்தான் இது நடந்தது. 1966க்குப் பிறகு அதே வருடம் மீண்டும் வருவது 2026இல்.

இனித்தான் விடயத்தின் நடுப்பகுதி. ஒரு நாட்டின் சனத்தொகை குறையாமல் அப்படியே நிற்க வேண்டுமென்றால் கருவள வீதம் ஏறக்குறைய 2.1 இருக்க வேண்டும். யப்பான் 1974இல் அதற்குக் கீழே போனது. அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட மேலே வரவில்லை. ஆனால் 1974இல் 11 கோடியாக இருந்த சனத்தொகை உடனே குறைந்ததா என்றால், இல்லை. மேலும் 34 ஆண்டுகள் ஏறி, 2008இல் 12 கோடியே 80 இலட்சத்தில்தான் உச்சத்தைத் தொட்டது.

இது எப்படி? ஒரு தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். உள்ளே வரும் குழாயைக் கொஞ்சம் பூட்டிவிட்டோம். ஆனால் வெளியே போகும் குழாய் அதைவிடச் சிறியது. தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். 1974இல் யப்பான் இளைஞர்களின் நாடு. முதியவர்கள் குறைவு, எனவே சாவும் குறைவு. பெற்றோர் வயதில் ஏராளமானோர் இருந்தார்கள், ஆளுக்கு இரண்டுக்குக் குறைவாகப் பெற்றாலும் குழந்தைகள் நிறைய. தலையை மட்டும் எண்ணிப் பார்த்தவர்களுக்கு நாடு வளர்கிற மாதிரியே தெரிந்தது. அதே 1974இல் வெளியான அரசின் சனத்தொகை அறிக்கை, சனத்தொகை இனி வளராமல் நிலையாக நிற்க வேண்டும் என்பதையே இலக்காக வைத்தது. எண்ணெய் விலை ஏறி உலகமே பற்றாக்குறையைப் பற்றிப் பேசிய காலம், அவர்களை முற்றாகக் குறை சொல்லவும் முடியாது.

சரி, உண்மையில் பிழைத்துப்போன இடம் எது? என் அபிப்பிராயத்தில் அது 1990கள். போருக்குப் பின் பிறந்த அந்தப் பெரிய கூட்டம் 1971க்கும் 74க்கும் இடையில் இரண்டாவது அலையைப் பெற்றெடுத்தது, ஆண்டுக்கு 20 இலட்சம் பிள்ளைகள். இந்தப் பிள்ளைகள் இருபத்தைந்து, முப்பது வயதுக்கு வரும்போது, அதாவது 1995க்கும் 2005க்கும் இடையில், மூன்றாவது அலை வர வேண்டும். எல்லோரும் அதை எதிர்பார்த்தார்கள். அது வரவே இல்லை.

ஏனென்றால் 1990களின் தொடக்கத்தில் காணி விலையும் பங்கு விலையும் சரிந்து, கம்பனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின. ஏற்கனவே உள்ளே இருந்த வயதானவர்களின் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு, படித்து வெளியே வந்தவர்களின் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். யப்பானியர் அந்தக் காலத்தை வேலைவாய்ப்பின் பனியுகம் என்று அழைக்கிறார்கள். அங்கே பல்கலைக்கழகம் முடித்த ஆண்டிலேயே நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் பிறகு கிடைப்பது மிகக் கடினம். தற்காலிக வேலை, குறைந்த சம்பளம். அந்தச் சம்பளத்தில் கலியாணம் பேச முடியாது. கலியாணம் இல்லாமல் பிள்ளை பெறுவதும் அங்கே அரிது, நூறு குழந்தைகளில் இரண்டு அளவில்தான். 1970இல் ஐம்பது வயதுவரை மணமாகாத ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2020இல் 28 பேர். பெண்களில் 18 பேர்.

அரசு தூங்கிக்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. 1989ஆம் ஆண்டின் கருவள வீதம் 1.57 என்று வெளிவந்தபோது, நெருப்புக் குதிரை வருடத்தைவிடக் குறைந்துவிட்டதே என்று நாடே அதிர்ந்தது. 1994இல் பிள்ளைப் பராமரிப்புக்கென்று தேவதைத் திட்டம் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் இரவு பத்து மணிவரை கந்தோரில் இருக்கும் தகப்பனையும், பிள்ளை பிறந்ததும் வேலையை விட வேண்டியிருந்த தாயையும் ஒரு கட்டடம் மாற்றிவிடுமா? 2005இல் வீதம் 1.26. பின்னர் சற்று ஏறி, 2024இல் 1.15 என்று அதற்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஆண்டில் பிறந்த யப்பானியக் குழந்தைகள் 6 இலட்சத்து 86 ஆயிரம். இறந்தவர்கள் 16 இலட்சம். இன்றைக்கு ஒவ்வொரு பெண்ணும் கூடப் பெற்றாலும், பெறும் வயதில் இருக்கும் பெண்களே குறைவு. வராமற்போன மூன்றாவது அலையின் பிள்ளைகள்தான் இன்றைய தாய்மாராக இருந்திருக்க வேண்டும்.

இது நேரில் எப்படி இருக்கும் என்பதற்கு ஹொக்கைடோ தீவில் உள்ள யூபாரி நகரத்தைப் பார்க்கலாம். நிலக்கரி நகரம். 1960இல் 1 இலட்சத்து 16 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1981இல் ஒரு சுரங்கத்தில் வாயு வெடித்து 93 பேர் மாண்டார்கள். 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. நகரசபை கடன் வாங்கி, கேளிக்கைப் பூங்கா, பனிச்சறுக்கு விடுதி என்று கட்டியது. வருவார்கள் என்று நினைத்தவர்கள் வரவில்லை. 2007இல் நகரமே வங்குரோத்து. 171 கட்டில்கள் இருந்த வைத்தியசாலை 19 கட்டில்கள் கொண்ட சிகிச்சை நிலையமாகச் சுருங்கியது. நூலகம் மூடப்பட்டது. ஆரம்பப் பாடசாலைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றாகின. 2011இல் முப்பதே வயதான சுசுகி நஓமிச்சி மேயரானார். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, பாதி காலியாகக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளில் சிதறிக் கிடந்த முதியவர்களை ஒன்றாக்கியதுதான். நான்கு வீட்டுக்கு ஒருவர் என்று இருந்தால் குளிர்காலத்தில் பனியை யார் அள்ளுவது? பக்கத்து வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நகரத்துக்கு ஓடிய கிளை ரெயில் பாதையை மூடலாம் என்று ரெயில் கம்பனிக்குச் சொன்னதும் அவரே. 2019 மார்ச்சில் கடைசி ரெயில் ஓடியது. அந்த ஆண்டிலேயே யூபாரி மெலன் பழம் ஒரு சோடி 50 இலட்சம் யென்னுக்கு ஏலம் போனது. பழத்துக்குக் குறைவில்லை, ஆட்களுக்குத்தான். 2020இல் அங்கே எஞ்சியிருந்தவர்கள் 7,334 பேர்.

ஆக, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். யப்பானின் சனத்தொகை ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி 2070இல் அங்கே 8 கோடியே 70 இலட்சம் பேர் இருப்பார்கள். இது அதிசயமான எண் அல்ல. 1953இலும் யப்பானில் ஏறக்குறைய இதே அளவு சனம்தான். எண்ணை மட்டும் பார்த்தால் அக்கா சொன்னது சரி, காத்தோட்டமாய் இருக்கும். ஆனால் 1953இல் 65 வயதைத் தாண்டியவர்கள் இருபது பேருக்கு ஒருவர். 2070இல் பத்துப் பேரில் நான்கு பேர். அக்கா வேலை செய்யும் இல்லத்தில் இரவு நேரத்தில் எத்தனை பேரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவருக்கே தெரியும். ஒரு நாடு முழுவதையும் அந்த இரவுக் கடமை நேரமாக நினைத்துக்கொள்ளலாம்.

1963இலிருந்து யப்பானில் நூறு வயதை அடைபவர்களுக்கு அரசு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்து வருகிறது. முதல் ஆண்டில் நாட்டில் நூறு வயதானவர்கள் 153 பேர். 2025இல் 99 ஆயிரத்துக்கும் மேல். செலவு கட்டுப்படியாகாமல் 2016இலிருந்து வெள்ளி முலாம் பூசிய கிண்ணம் கொடுக்கிறார்கள்.

அந்த 2070ஆம் ஆண்டுக் கணிப்பில் இன்னொரு விடயம் உண்டு. ஆண்டுதோறும் 1 இலட்சத்து 60 ஆயிரம் அளவில் வெளிநாட்டவர் வந்து சேர்வார்கள் என்று முற்கூட்டியே அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2070இல் பத்தில் ஒருவர் வெளிநாட்டவராக இருப்பாராம். அவர்களும் வராவிட்டால் எண் இன்னும் கீழே போகும்.

வருகிறவர்களை யப்பான் எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். 2008இல் இந்தோனேசியாவிலிருந்து தாதிமாரைக் கூப்பிட்டார்கள். தங்கள் நாட்டில் படித்துத் தேறி, வேலை செய்த அனுபவமும் உள்ளவர்கள். யப்பானிய மொழியில் நடக்கும் அரச பரீட்சையில் சித்தியடைந்தால்தான் நிரந்தரம். படுக்கைப் புண் என்ற சொல்லை யப்பானியரே வாசிக்கத் தடுமாறும் எழுத்தில் எழுதிக் கேட்டார்கள். 2009இல் 82 பேர் எழுதினார்கள், ஒருவரும் சித்தியடையவில்லை. இந்தப் பரீட்சைக் கதையைக் கேட்டு, அலுமாரிக்குள் இருக்கும் தங்கள் பழைய சான்றிதழ்களை நினைத்துக்கொள்ளும் நேயர்கள் இருப்பீர்கள். பின்னர் கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் உச்சரிப்பை அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது அந்தக் கப்பல். 1908இல் பிரேசிலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை, 1990இல் சட்டத்தைத் திருத்தி யப்பான் திரும்ப அழைத்தது. தொழிற்சாலைகளில் ஆள் தட்டுப்பாடு, எங்கள் இரத்தம்தானே என்ற எண்ணம். ஆயிரக்கணக்கில் வந்தார்கள், கார் உதிரிப்பாகங்கள் பூட்டினார்கள், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்தார்கள். 2008இன் உலகப் பொருளாதார நெருக்கடியில் முதலில் வேலை போனது இவர்களுக்கு. 2009இல் அரசு ஒரு யோசனை கண்டுபிடித்தது: ஆளுக்கு 3 இலட்சம் யென், குடும்பத்தவருக்கு 2 இலட்சம். வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள். ஆனால் இதே வீசாவில் திரும்பி வரக் கூடாது. இருபதினாயிரம் பேருக்கும் மேல் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். சனத்தொகை குறையத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு அது.

2013இல், கையில் வேலை ஒப்பந்தம் இருந்தால் வரலாம் என்று அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2019இல் பராமரிப்பு வேலைக்கும் கட்டட வேலைக்குமாகப் புதிய வீசா ஒன்றைத் தொடங்கினார்கள். 2024 முடிவில் யப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் 37 இலட்சத்துக்கும் மேல். பிரேசிலிலிருந்து வந்தவர்களைவிட இப்போது வியட்நாமியரும் நேபாளியரும் அதிகம்.

அக்கா, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், இரவு வேலை இல்லாத ஒரு நாளில் கூப்பிடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.