காலடியில் முந்நூறு கிராம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பனிமலை ஏறும் ஸ்கீக்கு எடை குறைந்த பைண்டிங்' என்று அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும் சில பேர் சிரித்திருப்பீர்கள். கோயமுத்தூர்க்காரனுக்கு இது எதுக்குங்க? நமக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனி. மிஞ்சிப் போனால் ஊட்டியில் ஜனவரி மாதம் புல் மேல் படிகிற உறைபனி. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சாமானுக்குள் இருப்பது ஸ்பிரிங், பின், நெம்புகோல், நாலைந்து ஸ்க்ரூ, அவ்வளவுதான். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பழகினவனுக்கு இது அந்நியமான பொருள் இல்லை. சில குளிர்காலங்களாக நானும் நண்பர்களும் காஷ்மீரத்துக் குல்மார்க் போய்வருகிறோம். பைண்டிங்குகளை நாங்களே தேர்ந்தெடுத்து, நாங்களே பொருத்திக்கொள்கிறோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அஃபர்வத் மலைத்தோள் வரை இரண்டு கட்டமாக ரோப்கார் போகிறது. முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் வந்தவை. பெரும்பாலானவர்கள் ரோப்காரில் ஏறி ஸ்கீயில் இறங்குவார்கள். இன்னொரு கூட்டம் தன் காலாலேயே மேலே ஏறும். ஸ்கீயின் அடியில் ரோமப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். பூனையைத் தடவிப் பாருங்கள், தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் பிடிக்கும். அதே தத்துவம்தான். ஸ்கீ முன்னால் வழுக்கும், பின்னால் நழுவாது.

பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கிற கருவிதான் பைண்டிங். அதற்கு மூன்று வேலை. ஏறும்போது முன்பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கவிட வேண்டும். இறங்கும்போது குதிகாலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். விழுந்தால், கால் முறிவதற்குள் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது வேலை நம் விவசாயிகளுக்குச் சொல்லாமலே புரியும். கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்ற மாதிரி அதை வைக்க வேண்டும். ரொம்பக் குறைத்து வைத்தால் சும்மா சும்மா டிரிப் ஆகும், தண்ணி பாயாது. டிரிப் ஆகிறதே என்று கட்டிவைத்துவிட்டால் தண்ணி பாயும், ஒருநாள் காயில் கருகிவிடும். மோட்டாரை ரீவைண்டிங் கடைக்கு அனுப்பலாம். முழங்காலை அனுப்ப முடியாது.

இனி எடைக்கு வருகிறேன். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குத் தெரியும், முதல் மலையில் தூக்கிய பை ஏழாவது மலையில் இரண்டு மடங்கு கனக்கும். காலில் இருக்கும் எடை இன்னும் மோசம். காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் நாலு முதல் ஆறு கிலோவுக்குச் சமமாக சக்தியை உறிஞ்சும் என்று ராணுவ வீரர்களுக்கான ஆய்வுகளில் 1960-களிலேயே கண்டிருக்கிறார்கள். ஸ்கீயைத் தரையோடு இழுத்துத்தான் நடக்கிறோம் என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எடை இருக்கும் இடம் முக்கியம். பழைய ஃபிரேம் வகையில் பூட்ஸுக்கு அடியில் ஒரு சட்டம் இருக்கும். ஒவ்வொரு எட்டிலும் குதிகால் பூட்டு உட்பட அந்தச் சட்டம் முழுவதையும் தூக்க வேண்டும். ஒரு காலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்.

இதற்கு மாற்று கண்டவர் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தல். 1980-களின் தொடக்கத்தில் கனத்த சாமான்களோடு மோன் பிளான் மலை போய்வந்தவர், இது ஆகிற காரியமில்லை என்று வேறு வழி தேடினார். பூட்ஸே கெட்டியான பொருள், அதற்கு அடியில் இன்னொரு சட்டம் எதற்கு? முன்பக்கம் இரண்டு பக்கவாட்டிலும் உலோகக் குழி வைத்து, ஸ்பிரிங் தாடையில் இருக்கும் இரண்டு பின்கள் அதில் உட்காரும்படி செய்தார். பின்பக்கம் தனியாக ஒரு சின்ன கோபுரம், அதிலிருந்து நீளும் இரண்டு பின்கள் குதிகாலைப் பிடிக்கும். ஏறும்போது அந்தக் கோபுரம் ஸ்கீயிலேயே நின்றுவிடும், பூட்ஸ் மட்டும் எழும். டைனாஃபிட் நிறுவனம் இதைத் தயாரித்து விற்றது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் செய்கின்றன.

இன்று கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். போட்டிக்கானவை ஒரு காலுக்கு 100 முதல் 150 கிராம். பயணத்துக்கான இலகுவானவை 200 முதல் 350 கிராம். பிரேக்கும் முழு விடுவிப்பும் உள்ளவை 500 கிராமுக்கு மேல். தம்பிமார் கேட்பீர்கள், 100 கிராமில் கிடைக்கும்போது எதற்கு 300? அந்த 200 கிராமில்தான் விஷயம் இருக்கிறது. மிக இலகுவான பலவற்றில் விடுவிப்பு அளவை மாற்ற முடியாது, கம்பெனி வைத்ததுதான். பிரேக் இருக்காது, ஸ்கீ கழன்றால் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். கயிறு கட்டிக்கொள்ளலாம், ஆனால் பனிச்சரிவில் மாட்டினால் அந்தக் கயிறே ஸ்கீயோடு ஆளையும் உள்ளே இழுக்கும். எடையைக் குறைத்தவர் எதை எடுத்துவிட்டுக் குறைத்தார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விலைப்பட்டியலில் கிராம் பெரிய எழுத்தில் இருக்கும், எடுத்துவிட்டது எழுதியிருக்காது. என் சிபாரிசு, முதல் முறை வாங்குபவர் முன்னே பின்னே இரண்டு விடுவிப்பையும் அளவு வைக்கக்கூடிய, பிரேக் பொருத்தக்கூடிய நடு ரகத்தை வாங்கட்டும்.

விடுவிப்பு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எண் 6 என்றால் சுமார் 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் கழலும் என்று பொருள். உடல் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் விதம் இவற்றை வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். 50 வயதுக்கு மேல் ஒரு படி குறைக்க வேண்டும். நண்பர் 8 வைத்திருக்கிறார் என்று நாமும் 8 வைப்பது, பக்கத்துத் தோட்டத்து ரிலே அளவை நம் மோட்டாருக்கு வைப்பது மாதிரி. இன்னொன்று, பயண பைண்டிங்குக்கு ஐ.எஸ்.ஓ. 13992 என்று தனித் தரம் இருக்கிறது. அந்தச் சான்று இல்லாத பைண்டிங்கில் அச்சடித்த எண்ணை வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்க நெம்புகோலைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். ஏறும்போது பின் நழுவாமல் இருக்க அதை மேலே இழுத்துப் பூட்டுகிறோம். பூட்டிவிட்டால் விடுவிப்பு கிட்டத்தட்ட இல்லை. ரிலேயைக் கட்டிவைத்த நிலைதான். இறங்கும் முன் தளர்த்த வேண்டும். ஒருமுறை எங்களோடு வந்த வெளியூர் இளைஞர் ஒருவர் தளர்த்த மறந்து இறங்கினார். மெதுவான விழுதல்தான், ஸ்கீ கழலவில்லை, கீழ்க்கால் எலும்பு முறிந்தது. உள்ளூர் ஆட்கள் ஸ்லெட்ஜில் வைத்து இறக்கிக் கொண்டுவருவதற்குள் இருட்டிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம். இறங்கும் முன் ஒருவர் நெம்புகோலை இன்னொருவர் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஏறும்போதும் யோசனை வேண்டும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் சரிவில் பனி சரிந்து போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். பனிச்சரிவில் காலோடு ஒட்டிய ஸ்கீ நங்கூரமாகிவிடும். இறுகிய பனியில் பூட்டாமல் போனால் ஸ்கீ கழன்று ஆள் சறுக்குவார், தளர்ந்த பனியில் பூட்டிப் போனால் புதைவார். எந்தச் சரிவில் எது என்று அங்கே நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் திரும்பிவிடுவது உத்தமம்.

இப்போது பொருத்துவது. இது நம்ம ஏரியா. ஸ்கீயின் மையக்கோட்டை மேற்பரப்பின் அகலத்தை அளந்து நாமே போட வேண்டும். பூட்ஸில் இருக்கும் நடுக்குறியை ஸ்கீயின் குறியோடு சேர்த்து, ஜிக்கோ காகித டெம்ப்ளேட்டோ வைத்து சென்டர் பஞ்ச் செய்யுங்கள். டிரில் அளவு பெரும்பாலும் ஸ்கீயிலேயே அச்சாகியிருக்கும். உள்ளே உலோகத் தகடு இல்லாவிட்டால் 3.6 மி.மீ., இருந்தால் 4.1 மி.மீ. துளையிட்டு டேப் போட வேண்டும். ஆழம் வழக்கமாக 9 மி.மீ. பிட்டில் ஸ்டாப்பர் இல்லாமல் கையை வைக்காதீர்கள், அடிப்பக்கம் வந்துவிட்டால் ஸ்கீ போச்சு. துளை விளிம்பில் பிசிர் எடுத்து, எபாக்சியோ மரப் பசையோ விட்டு இறுக்குங்கள். பசை பிடிப்புக்கு மட்டும் இல்லை, மரத்துக்குள் தண்ணீர் போகாமல் இருக்கவும்தான். ஸ்க்ரூ தலை பிலிப்ஸ் மாதிரி தெரியும், உண்மையில் போஸிடிரைவ் 3. சரியான டிரைவர் இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும்.

அடுத்து குதிகால் இடைவெளி. பூட்ஸுக்கும் பின் கோபுரத்துக்கும் நடுவே மாடலைப் பொறுத்து 4 முதல் 6 மி.மீ. விடச் சொல்வார்கள். இடைவெளியே வேண்டாத மாடலும் உண்டு. ரயில் தண்டவாள இணைப்பில் இடைவெளி விடுகிற மாதிரிதான். ஸ்கீ வளையும்போது முன்னும் பின்னும் நெருங்கி வரும். இடம் இல்லாவிட்டால் இடித்து, விடுவிப்பு அளவே மாறிப்போகும். கூட வரும் கேஜை வைத்துப் பாருங்கள், கண் மட்டத்தில் செய்யாதீர்கள். பூட்ஸ் மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.

மலையில் ஒரே ஒரு சோதனை. முன்தாடை ஸ்பிரிங் அடியில் பனிக்கட்டி உறைந்திருந்தால் பின் முழுதாக உட்காராது. குழியையும் தாடையையும் சுரண்டிவிட்டு மாட்டி, குதிகாலை நாலைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பையில் அந்த டிரைவர், நாலு ஸ்க்ரூ, ஒரு ரப்பர் பட்டை எப்போதும் இருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, ஸ்கீ மலையேற்றத்தை 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்ப்பதென 2021-ல் முடிவானது. இந்தக் கருவிகளுக்கு இனி தேவை கூடும். ஸ்பிரிங், பின், சிறு வார்ப்பு, நுண்ணிய மெஷினிங் எல்லாம் நம் ஊரில் கைவந்த வேலை. உங்களில் யாராவது ஒருநாள் இதைச் செய்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்போது ஒரு கிராம் குறைக்கும் முன், அந்த ஒரு கிராம் இதுவரை யாருடைய காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு தாராளமாகக் குறையுங்கள்.