தமிழ் கேட்ட இரவுகள்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியபோது நாம் விடுதி மாணவியர். இரவுப் படிப்புக்கு முன் மண்டபத்தில் பாய் விரித்து அமர்ந்து தமிழ்ச் செய்தி பார்ப்போம். அப்படித்தான் கமலா தம்பிராஜா நமக்கு அறிமுகமானார். வீரகேசரியில் எழுதியவர், வானொலியில் செய்தி வாசித்தவர், தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' திரைப்படத்தில் நடித்தவர். ஒரு பெண் இத்தனையும் செய்யலாம் என்பதே அன்று நமக்குப் புதிது. கண்ணாடி முன் நின்று அவரைப் போல் வாசித்துப் பார்க்காதவர் நம்மில் யார்?

மறு ஆண்டு ஜூலையில் கண்டியிலும் கடைகள் எரிந்தன. அதன்பின் பேராதனை பஸ்ஸில் நாம் தமிழ் பேசவில்லை. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவும் பயந்தோம். இரவில் மட்டும் அந்தப் பெட்டியில் தமிழ் உரத்து, திருத்தமாக, நாடெங்கும் கேட்க ஒலித்தது. செய்தி நமக்கு ஆறுதல் தந்ததில்லை. அந்தத் தமிழ் தந்தது.

பின்னர் அவர் கனடா சென்றார்; 2018இல் அங்கேயே காலமானார். நம்மில் பலரும் அவரைப் போலவே கடல் கடந்தோம்.

காலைக் கூட்டத்தில் இன்றும் ஒரு மாணவி செய்தி வாசிக்கிறாள். மகளே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசி. அன்று பஸ்ஸில் வாய்மூடி இருந்த நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.